தொலைந்ததா, எடுத்தார்களா?

சென்ற தை மாதம் காஞ்சிபுரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, எங்கள் காரின் சாவிக்கொத்தைக் காணவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி உண்டு. வண்டிச் சாவி என்றால் அந்த ஆணியில்தான் தொங்கும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு பித்தளை வளையத்தில் மூன்று சாவிகள்: வண்டியைக் கிளப்ப ஒன்று, கதவுகளுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று. அன்று காலை ஆணி மட்டும் இருந்தது. காலண்டரில் தேதி கிழிக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1984-ஆம் வருஷத்து அம்பாஸடர். இங்கிலாந்துக்காரர்களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அச்சாக வைத்து 1957-இல் செய்ய ஆரம்பித்த இந்த ஜாதி, 2014-இல் உத்தர்பாராத் தொழிற்சாலையோடு முடிந்துபோயிற்று. அப்பா வாங்கியது. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு ஓட்டத் தெரியும் என்றாலும், அந்த வண்டியை நான் ஓட்டினால் அது வேறு யார் வண்டியோ மாதிரி முரண்டு பிடிக்கும். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஆக்டிங் டிரைவர் ஒருவர் வருவார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அப்பாவை ‘ஐயா’ என்பார். என்னை ‘தம்பி’ என்பார். நான் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுவேன். அவர் வெறும் கூலிக்காரர் அல்லர் என்று காட்ட இந்த ஒரு சொல் போதும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

காஞ்சிபுரத்துக்கு வண்டியை ஓட்டியவர் அவர்தான்.

தேடினோம். சட்டைப் பை, வேஷ்டி மடிப்பு, பூஜை அலமாரி, தாம்பூலப் பைகள் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தோம். என் மனைவி அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். சாவி ஏன் அங்கே போகும் என்று கேட்டால், பொருளைத் தொலைத்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியாது. ஸ்பேர் சாவி ஒன்று எங்கோ இருக்க வேண்டும்; அப்பாவுக்குத்தான் தெரியும்.

தேடுகிற கை ஒரு பக்கம் போகும். மனம் இன்னொரு பக்கம் போகும். முதல் நாள் அந்தக் காரில் ஏறி இறங்கியவர்கள் ஏழு பேர். என் அக்காள் மகன் இருந்தான். கடன்பட்டுக் கொஞ்சம் கையிறுக்கத்தில் இருக்கிற பையன்தான். பெரியப்பா வழி உறவினர் இருவர் இருந்தார்கள். ஆனால் என் மனம் இவர்களில் யாரிடமும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நேரே டிரைவரிடம் போய் உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தைக் கண்ட தண்ணீர் யோசித்தா ஓடுகிறது? பொருள் காணாமற்போனால் நம் சந்தேகமும் அப்படித்தான். வீட்டில் யார் தரையோடு தரையாக இருக்கிறார்களோ அவர்களைத் தேடித்தான் போகிறது. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

“அவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“கேட்டால் என்ன நினைப்பார்?” என்றேன். அப்போது அந்தப் பதில் எனக்குப் பெருந்தன்மையாகவே பட்டது.

பத்து மணிக்குப் பூட்டுச் சாவி போடுகிற பாய் வந்தார். எங்கள் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மரப்பெட்டியும் அரமும் வைத்துக்கொண்டு பல வருஷமாக உட்கார்ந்திருப்பவர். கதவைத் திறக்க அவருக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. வளைந்த மெல்லிய தகடு ஒன்றைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில் செருகினார், எங்கேயோ ‘டக்’ என்றது, அவ்வளவுதான். நாற்பது வருஷம் நாங்கள் கர்ம சிரத்தையாகப் பூட்டிய கதவு!

“திறக்க முடியாத பூட்டு கிடையாது சார். நேரந்தான் வேணும்” என்றார் பாய்.

அவர் சொன்னது வெறும் கடைத்தெருப் பேச்சு அல்ல. 1790-இல் லண்டன் பிக்காடிலியில் ஜோசப் பிராமா என்பவர் தம் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியில்லாமல் இதைத் திறப்பவருக்கு 200 கினி தருவதாக எழுதி வைத்தார். அறுபது வருஷம் அது அங்கேயே தொங்கிற்று. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, பதினாறு நாட்களில் ஐம்பது மணி நேரத்துக்குமேல் அதனோடு மல்லாடித் திறந்தே விட்டார். கூலியாக 200 கினி கிடைத்தது. ஆனால், எந்தப் பூட்டையும் முழுதாக நம்பலாம் என்ற எண்ணம் அந்த ஊரில் அன்றோடு போயிற்று.

பாய் அடுத்தபடியாக, வண்டியைக் கிளப்புகிற பூட்டைக் கழற்றி என் கையில் வைத்துக் காட்டினார். பார்க்க வேண்டிய சாமான்தான். உருளை ஒன்று, அதற்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு துவாரம். ஆனால் ஒன்றின் துவாரம் சற்று மேலே, மற்றொன்றினுடையது சற்றுக் கீழே. சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகள் தகடுகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். உரிய சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் உருளையோடு மட்டமாக அடங்கிவிடும், உருளை சுழலும். ஒன்றே ஒன்று மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் சுழலாது. இதுதான் வித்தை.

“ஆனா இத பாருங்க” என்று தம் கொத்திலிருந்து சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சாவியை எடுத்துச் செருகி, லேசாக ஆட்டினார். சுழன்றுவிட்டது.

தகடுகள் தேய்ந்திருந்தன. நாற்பது வருஷம் பித்தளைமேல் உலோகம் உரசினால் தேயாமல் என்ன செய்யும்? இந்தப் பூட்டு எத்தனை காலமாகக் கண்ட சாவிக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்ததோ! அப்படியானால் இத்தனை நாள் இந்தக் காரைக் காப்பாற்றியது எது? தெருக்காரர்கள், எதிர்வீட்டுத் திண்ணையில் தூங்குகிற கிழவர், டிரைவர் — இவர்கள்தான் என்று ஆகிறது. அந்த எண்ணத்தை அப்போது நான் தொடர்ந்து போகவில்லை. காரணம், பாய் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

“தொலைஞ்சுதா சார், எடுத்தாங்களா?”

அவருக்கு அது தொழில் கேள்வி. தொலைந்தது என்றால் பழைய பூட்டுக்கே சாவி வெட்டித் தந்துவிடலாம். பல் இல்லாத சாவியை உள்ளே விட்டுத் திருப்பி, தகடுகள் அழுத்திய தடம் பார்த்து அரத்தால் ராவுகிற வேலை. ஒரு மணி நேரம். சில நூறு ரூபாய். எடுத்தார்கள் என்றால் பூட்டையே மாற்ற வேண்டும். பணமும் நாளும் அதைப்போல் பல மடங்கு. வைத்தியர் ‘காய்ச்சல் இரவிலா, பகலிலா?’ என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது வேறு கேள்வி. ‘தொலைந்தது’ என்றால் அதில் ஆள் இல்லை. ‘எடுத்தார்கள்’ என்றால் அந்த ‘ஆர்’ விகுதிக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நான் இரண்டையும் சொல்லவில்லை. “மாத்திடுங்க பாய்” என்றேன்.

நிறுத்திவிட்ட வண்டிக்குப் புதுப் பூட்டுக்கு எங்கே போவது? புதுப்பேட்டைக்குத்தான். சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் அந்தச் சந்துகளில் போய் நின்றே தீர வேண்டும். பிரித்துப் போட்ட கார்களின் கதவும் கண்ணாடியும் ஸ்டியரிங்கும் கடை கடையாகத் தொங்கும். நல்ல நிலையில் ஒரு செட் கிடைத்தது என்று பாய் மறுநாள் கொண்டுவந்தார். எந்த ஊர்க்காரோ, யார் குடும்பம் ஏறிப் போன காரோ. அதன் பூட்டுகள் மூன்றும் ஒரே வளையத்தில் அதன் சாவிகளோடு வந்து சேர்ந்தன.

“ஒரு ஜோடிதானே இருக்கிறது? இன்னொன்று?”

“அது யாருகிட்ட இருக்கோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்” என்று சிரித்தார். “வேணும்னா தகட்ட இடம் மாத்திப் போட்டு வேற சாவி வெட்டறேன். பழைய சாவி அப்புறம் சேராது. கூலி கொஞ்சம் கூட ஆகும்.”

“வேண்டாம். முன்பின் தெரியாத ஆள், இந்த வண்டியைத் தேடிக்கொண்டா வரப்போகிறான்?” என்றேன்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. புதுச் சாவிக்கு ஒரு நகல் மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு படுத்த பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்கு விளங்கிற்று. முகம் தெரியாத ஒருவன் கையில் என் கார்ச் சாவி இருக்கலாம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக என் வீட்டுப் படியேறி, என் அப்பாவைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன ஒருவர் கையில் இருக்கலாம் என்பதற்காகப் பூட்டையே பிடுங்கி எறிந்திருக்கிறேன். இது ஜாக்கிரதை ஆகுமா? ஜாக்கிரதை என்றால் முதலில் அந்த முகம் தெரியாதவன்மேல் அல்லவா அது பாய வேண்டும்?

வக்கீலாக இருக்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “நீ யார் பெயரையாவது சொன்னாயா? போலீசுக்குப் போனாயா? வாய் திறக்கவில்லையே! மனத்தில் நினைத்ததற்கெல்லாம் குற்றம் கிடையாது” என்று விடுதலை செய்துவிட்டார். அவர் கட்சி சட்டத்தில் நிற்கும். எனக்கென்னவோ நிற்கவில்லை. பேசாமல் இருந்ததுதான் என் நல்ல குணம் என்று எண்ணினேனே, குற்றமே அதில்தான் இருக்கிறதோ என்று பட்டது.

எங்கள் பாட்டியின் நினைவு வந்தது. ஊரில் அவள் இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். நெற்குதிர் அறைக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. (அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், பாட்டி இருந்திருந்தால், ‘இதுக்குத் தனியா ஒரு காகிதம் வேறயா?’ என்றிருப்பாள்.) யார் வந்து சாவி கேட்டாலும், “எதுக்கு?” என்பாள். பண்ணையாள் கேட்டாலும் அதே. மூத்த பிள்ளை, ஜில்லா கோர்ட்டில் வேலை பார்த்தவர், அவர் கேட்டாலும் அதே. தாத்தாவையே கேட்டிருக்கிறாள். திரும்பி வந்ததும் “எண்ணிப் பாத்தியா?” என்று இன்னொரு கேள்வி. ஒருவருக்கும் மனம் நோகவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி என்பதால் அது யாரையும் குத்தவில்லை. பாங்கியில் சாவி ஒன்று காணாமற்போனால் பூட்டை மாற்றுகிறார்கள். அங்கேயும் குமாஸ்தா கோபித்துக்கொள்வதில்லை. சட்டம் என்று வைத்துவிட்டால் அதற்கு முகம் கிடையாது. அப்பா காலமான மறுமாதமே, ‘பழைய சாவிகள் எங்கெங்கே இருக்கின்றனவோ, பூட்டை மாற்றிவிடுவோம்’ என்று நான் மாற்றியிருந்தால் அது வீட்டுக் காரியம். இப்போது மாற்றியது ஒரு மனிதருக்காக.

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. விசாரிக்காமல் ஒருவரை நம்புவதும் கெடுதல், நம்பித் தேறிய ஒருவரைப் பிறகு சந்தேகிப்பதும் கெடுதல், இரண்டுக்கும் ஓய்வே கிடையாது என்ற கருத்தோடு அது முடிகிறது. அரசனுக்குச் சொன்னது. அரசனுக்கு ஒற்றர்கள் உண்டு, விசாரித்துத் தெளியலாம். நாலு அறை வீட்டில் இருக்கிற நமக்கு விசாரணைக்கு ஒரே வழி, வாய்விட்டுக் கேட்பதுதான். கேட்கவும் பயம். ‘சாவியைப் பார்த்தீர்களா?’ என்று கூலிக்கு வருகிறவரைக் கேட்டால், ‘நீ எடுத்தாயா?’ என்றுதான் அவர் காதில் விழும். அது நமக்கும் தெரியும். அக்காள் மகனைக் கேட்டால் அப்படி விழாது. ஆகவே கேட்கிற உரிமைகூட எல்லோரிடமும் ஒன்றாக இல்லை. இந்த நியாயத்தை நான் இன்றும் தள்ளவில்லை. ஆனாலும், கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல ஓர் இடம் இருந்திருக்கும். நான் அதையும் கொடுக்காமல் தீர்ப்பை எழுதி, அதைக் கார்க் கதவில் பொருத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். வழக்கம்போல் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. பழைய பித்தளை வளையம் இல்லை, சாவியும் வேறு.

“பூட்டு மாத்திட்டீங்களா தம்பி?”

“கொத்தைக் காணோம் அண்ணே. கல்யாணத்துக்குப் போய் வந்தோமே, அன்றிலிருந்து.”

“அன்னிக்கு ராத்திரி வண்டிய விட்டதும், அக்கா பையன் டிக்கியிலேருந்து தாம்பூலப் பையெல்லாம் எடுக்கணும்னு கேட்டாரு. அவருகிட்டதான் குடுத்துட்டுப் போனேன். ஆணியில மாட்டச் சொன்னேனே?” என்றார். பிறகு ஒரு கணம் யோசித்து, “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா புதுப் பூட்டுச் செலவு இல்லாம போயிருக்கும்” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தம் வீட்டுச் சாவிகளை எடுத்தார். அந்த வளையத்திலிருந்து மூன்று சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எங்கள் காரின் சாவிகள்.

“வெள்ளத்தப்ப ஐயா குடுத்தாங்க” என்றார்.

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் சைதாப்பேட்டைக்குள் ஏறியபோது நான் வெளியூரில் இருந்தேன். தெருவில் நின்ற கார்கள் எத்தனையோ முழுகிப்போயின; எங்கள் கார் மட்டும் தப்பியது என்று அப்பா போனில் சொன்னார். எப்படித் தப்பியது என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அப்பா ஸ்பேர் சாவியை இவரிடம் கொடுத்திருக்கிறார். இவர் இருட்டில் வண்டியை எடுத்துப்போய் மேம்பாலத்தின்மேல் நிறுத்தி, இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். வெள்ளம் வடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாராம். “உன்கிட்டயே இருக்கட்டும். ராத்திரி எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் வண்டி எடுக்கணும்” என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

நான் மூன்று நாள் தேடிய ஸ்பேர் சாவி இரண்டு தெரு தள்ளி, ஒருவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

சாவி வைத்திருப்பவன் சாவியைத் திருட வேண்டியதில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிகிற தர்க்கம். அவர் நிரபராதி, அது அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் இன்னொன்றையும் என்னை நானே கேட்டுக்கொண்டேன். அவரிடம் ஸ்பேர் சாவி இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால்? சந்தேகம் தீர்ந்திருக்குமா? இல்லை. ‘சாவிகூட வைத்திருக்கிறாரே!’ என்று இரண்டு பங்கு ஆகியிருக்கும். அப்பாவின் நம்பிக்கைக்கு அத்தாட்சியாக இருந்த அதே பொருள் என் கையில் குற்றத்துக்குத் தடயம் ஆகியிருக்கும். 1818-இல் இங்கிலாந்தில் சப் என்பவர் ஒரு பூட்டுச் செய்தார். தப்புச் சாவியை யாராவது போட்டுப் பார்த்திருந்தால் அதன் உள்ளே ஒரு நெம்பு மாட்டிக்கொள்ளும். பிறகு எஜமானனின் சரியான சாவியைப் போட்டாலும் உடனே திறக்காது. அதிலிருந்து அவன் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தப் பூட்டில் நெம்பை விடுவித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். இப்போதைய கார்களில் இன்னும் சௌகரியம்: சாவிக்குள் சிப் இருக்கிறது, ஒன்று தொலைந்தால், ‘அதை மறந்துவிடு’ என்று வண்டிக்குச் சொல்லிவிடலாம், பூட்டைத் தொடவே வேண்டாம்.

அக்காள் மகனை இன்றுவரை நான் கேட்கவில்லை. அவன் எடுத்திருப்பான் என்று சொல்லவில்லை; ஏதாவது ஒரு தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டு யார் வீட்டுக்கோ கொடுத்தனுப்பியிருப்பான். ‘மாமா, எங்கிட்ட யாரும் குடுக்கலையே’ என்று அவன் சொல்லிவிட்டால் அப்புறம் நான் யாரை நம்புவது? அக்காளுக்கு என்ன பதில் சொல்வது? காரணம் கையில் இருந்தும் இவனைக் கேட்க வாய் வரவில்லை. காரணமே இல்லாமல் அவருக்காகப் பூட்டை மாற்ற ஒரு நாள் போதுமாயிருந்தது. (இந்தக் கட்டுரையை அவன் படிக்க மாட்டான். தமிழ் வாசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.)

புது சாவியின் நகலை எடுத்து டிரைவரிடம் நீட்டினேன். “இது உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. அப்பா கொடுத்த மாதிரி.”

“இப்ப எதுக்குத் தம்பி?” என்றார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. “தேவைப்படறப்ப வாங்கிக்கறேன்.”

ஆணியில் இப்போது இரண்டு வளையங்கள் தொங்குகின்றன. செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் முன்பெல்லாம் தாமே உள்ளே வந்து சாவியை மாட்டிவிட்டுப் போவார். இப்போது வாசற்படியிலேயே நின்று குரல் கொடுக்கிறார். நான் எழுந்து வெளியே போய்க் கையில் வாங்கிக்கொள்கிறேன்.